போனில் எடுத்தால் வெள்ளை ஏன் சாம்பலாகிறது? கைவினைப் பொருட்களைப் படம் பிடிக்கும் முறை

கையால் செய்த நகை, துணிப்பை, மெழுகுவர்த்தி ஆகியவற்றை ஆன்லைனில் விற்கிறீர்கள். போனில் எடுத்தால் வெள்ளைப் பின்னணி அழுக்குச் சாம்பலாக வருகிறது, ஊதா நூல் நீலமாகிறது, கிண்ணம் வயிறு உப்பியதுபோல் தெரிகிறது. இதற்காகப் புது போன் வாங்க வேண்டுமா என்பது கேள்வி.

வேண்டாம். கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் வந்த நடுத்தர போன் எதுவானாலும் கடைப் படத்துக்குப் போதும். முதல் இரண்டு கோளாறுகளுக்கும் முக்கியக் காரணம் ஒன்றுதான்: வெளிச்சம் எவ்வளவு இருக்க வேண்டும், அதன் நிறம் என்ன என்பதை ஒவ்வொரு படத்துக்கும் போன் தானாக ஊகிக்கிறது. ஆட்கள், மரம், வானம் என்று எடுக்கும்போது அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வெள்ளைத் தாளின் நடுவே தனியாகக் கிடக்கும் ஒரு ஜோடித் தோட்டைப் பார்த்தால் அது குழம்பிவிடும். அதற்கு ஊகிக்க இடம் கொடுக்கக் கூடாது. மூன்றாவது கோளாறு, அந்த உப்பல், தூரத்தால் வருவது. அதைச் சரிசெய்வது எல்லாவற்றையும்விட எளிது.

வெளிச்சம்

நேர் வெயில் உள்ளே விழாத ஒரு ஜன்னல் போதும். ஜன்னலிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் தள்ளி மேசையைப் போடுங்கள். வெளிச்சம் பொருளின் பக்கவாட்டில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தால் வெளிச்சம் நேர் எதிரே விழுந்து பொருள் தட்டையாகிவிடும். உங்கள் நிழலும் அதன்மேல் விழும். மேசையை அறையின் மறுகோடிக்கு நகர்த்தினாலும் சரிப்படாது. பொருளின் இடத்திலிருந்து பார்க்க ஜன்னல் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு நிழல் மென்மையாக இருக்கும். தள்ளிப் போகப் போக ஜன்னல் சிறுத்து நிழலின் ஓரம் கூர்மையாகும்.

வெயில் நேராக வந்தால் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியையோ டிரேசிங் தாளையோ ஜன்னலில் கட்டுங்கள். துணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பேறிய திரைச்சீலை வழியாக வரும் வெளிச்சம் எல்லாப் பொருளுக்கும் லேசாகப் பழுப்பு பூசிவிடும். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு வெள்ளி நகையை எடுப்பதும் அப்படித்தான், சட்டையின் நிறம் நகையில் வந்து உட்காரும்.

ஜன்னலுக்கு எதிர்ப்புறம், பொருளிலிருந்து 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்துங்கள். அதை அருகே நகர்த்தினால் நிழல் வெளுக்கும், தள்ளினால் கருக்கும். நிழலை அடியோடு ஒழிக்கப் பார்க்காதீர்கள். பொருளுக்கு எவ்வளவு கனம், அது எங்கே வளைகிறது என்பதை நிழல்தான் காட்டுகிறது.

அடுத்தது பலரும் செய்யத் தவறுவது: அறை விளக்குகளை அணையுங்கள். வெளிச்சத்தின் நிறத்தை நிற வெப்பநிலை என்று கெல்வினில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். பகல் வெளிச்சத்துக்கு அது சுமார் 5500 கெல்வின். மஞ்சள் பல்புக்கு 2700 முதல் 3000. இரண்டும் சேர்ந்து விழுந்தால் பொருளின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் ஏறும். எடிட்டிங்கில் ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் இன்னும் கெடும். நிறம் மாறுகிறது என்று வரும் புகார்களுக்கு இந்தக் கலப்பு வெளிச்சமும் ஒரு காரணம்.

இரவில்தான் நேரம் கிடைக்கும் என்றால் ஒரே மாடலில் இரண்டு எல்இடி விளக்குகள் வாங்குங்கள். 5000 முதல் 5500 கெல்வின், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை 100க்குக் கணக்கிடும் சிஆர்ஐ (நிறக்காட்டுத்திறன்) 95க்குக் குறையாமல் இருக்கட்டும். சிஆர்ஐ குறைந்த விளக்கில் சிவப்பும் தோல்நிறமும் செத்துப்போய்த் தெரியும், பிறகு எந்த ஆப்பாலும் அதை மீட்க முடியாது. விளக்குக்கு முன்னால் டிரேசிங் தாள் வையுங்கள். படத்தில் கிடைக்கோடுகளாகக் கருப்புப் பட்டைகள் தெரிந்தால் அது விளக்கின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை துடிக்கும். கேமரா அமைப்புகளை நாமே மாற்றும் புரோ மோடில் ஷட்டரை, அதாவது ஒளி பதியும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடிக்கு வைத்தால் பட்டை மறையும். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120.

ரிங் லைட்டைப் பலர் இதற்காகவே வாங்குகிறார்கள். முகத்துக்கு அது நல்ல விளக்கு, கைவினைப் பொருளுக்கு மோசமான விளக்கு. ஒவ்வொரு மணியிலும் ஒரு வெள்ளை வளையம் பிரதிபலிக்கும், நெசவும் தையலும் தட்டையாகிவிடும். வாங்கியாயிற்று என்றால் போனிலிருந்து அதைக் கழற்றிப் பக்கவாட்டில் நிறுத்தி, துணி போர்த்திப் பயன்படுத்துங்கள். போனின் ஃப்ளாஷை மறந்துவிடுங்கள்.

பின்னணி

ஒரு பெரிய சார்ட் தாள் போதும். 59 × 84 செ.மீ. அளவுள்ள ஏ1 தாளில் ஓர் அடி உயரம் வரையுள்ள பொருட்கள் அடங்கும். தாளின் ஒரு முனையைச் சுவரிலும் மறுமுனையை மேசை விளிம்பிலும் டேப்பால் ஒட்டி, நடுவே மடிப்பு விழாமல் வளைய விடுங்கள். வளைவுக்கு ஒரு சாண் முன்னால் பொருளை வையுங்கள். சுவரும் மேசையும் சேரும் கோடு தெரியாமல் பின்னணி ஒரே பரப்பாக வரும். பளபளப்பான தாள் வேண்டாம், மங்கலானது வேண்டும். வெள்ளை, இளஞ்சாம்பல், வெளிர் மணல் நிறம் ஆகிய மூன்றும் இருந்தால் அநேகமாக எல்லாவற்றையும் சமாளிக்கலாம். பூப்போட்ட துணியைப் பின்னணியாகப் போடுவது பெரும்பாலும் வேலை செய்த கைக்கே எதிராகப் போகும்; கண் முதலில் அங்கேதான் ஓடும்.

அலங்காரத்துக்கு வைக்கும் பொருட்கள் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். விற்கும் பொருளைவிட அவை பெரிதாகவோ பளிச்சென்றோ இருக்கக் கூடாது. ‘அந்தத் தட்டும் சேர்ந்து வருமா?’ என்று ஒருவர் கேட்டால் படத்தில் ஒரு பொருள் கூடுதல்.

தூரமும் லென்ஸும்

முதலில் லென்ஸைத் துடையுங்கள். பையில் கிடந்த போனின் லென்ஸில் கைரேகை எண்ணெய் இருக்கும், வெள்ளைப் பகுதிகளைச் சுற்றிப் பனிமூட்டம் போலத் தெரிவது அதனால்தான்.

போன்களின் முதன்மைக் கேமரா அகலக் கோணம் கொண்டது. பழைய ஃபிலிம் கணக்கில் சொன்னால் 24 முதல் 28 மி.மீ. அதை 15 செ.மீ. கிட்டே கொண்டுபோனால் கிண்ணத்தின் முன்வயிறு உங்களுக்குப் பக்கத்திலும் பின்விளிம்பு ஒப்பளவில் மிகத் தூரத்திலும் இருக்கும், ஆகவே முன்பக்கம் உப்பும். 40 முதல் 60 செ.மீ. பின்னால் போய் 2 மடங்கு ஜூமில் எடுங்கள், வடிவம் கண்ணால் பார்ப்பதுபோல் வந்துவிடும். 48 அல்லது 50 மெகாபிக்சல் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) உள்ள பல போன்களில் 2 மடங்கு என்பது சென்சாரின் நடுப்பகுதியிலிருந்து எடுக்கப்படுவதால் கூர்மை அதிகம் குறையாது. அப்படி இல்லாத போனில் ஜூம் செய்யாமல் அதே தூரத்திலிருந்து எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

பின்னால் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. புதிய போன்களின் சென்சார் பெரிது, அதனால் கிட்டத்தில் எடுத்தால் மோதிரத்தின் கல் கூர்மையாகவும் வளையம் மங்கலாகவும் வரும். தள்ளிப் போனால் இரண்டும் கூர்மையாகும்.

தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸ் தனியாக இருந்தால் நல்லது, ஆனால் அதன் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் பல போன்களில் அரை மீட்டரைத் தாண்டும். அதற்குள் பொருள் இருந்தால் போன் சொல்லாமல் கொள்ளாமல் முதன்மைக் கேமராவுக்கு மாறி, படத்தைப் பெரிதாக்கிக் காட்டும். கண்டுபிடிக்க எளிய வழி: 3 மடங்கில் வைத்துக்கொண்டு டெலிஃபோட்டோ லென்ஸை விரலால் மூடுங்கள். திரை இருண்டால் அந்த லென்ஸ்தான் எடுக்கிறது. மாற்றமே இல்லையென்றால் ஏமாற்றுகிறது, இன்னும் பின்னால் போங்கள். இதேபோல மிகக் கிட்டே போகும்போது படம் ஒரு குதி குதித்து மாறினால், கிட்டப் படத்துக்காகத் தானாக லென்ஸ் மாற்றும் ஆட்டோ மேக்ரோ, இன்னும் அகலக் கோணமுள்ள அல்ட்ரா வைடு லென்ஸுக்குத் தாவியிருக்கிறது. பல போன்களில் அதை அணைக்க வசதி உண்டு.

போர்ட்ரெய்ட் மோட் பொருட்களுக்கு ஆகாது. எது முன்னே, எது பின்னே என்பதை மென்பொருள் கணித்து மங்கலாக்குகிறது. ஜிமிக்கியின் வளையத்துக்குள் தெரியும் பின்னணி மங்காமல் நிற்கும், குஞ்சத்தின் நூல்முனைகள் பாதி காணாமல் போகும். வாங்குபவருக்கு ஏன் என்று தெரியாவிட்டாலும் படம் போலி என்று தோன்றிவிடும்.

வெள்ளை சாம்பலாவது ஏன்

காட்சியின் சராசரிப் பிரகாசம் நடுத்தரச் சாம்பலாக இருக்க வேண்டும் என்ற கணக்கை ஒட்டியே கேமராவின் அளவீடு நடக்கிறது. முழுக்க வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று எண்ணிக் குறைத்துவிடும், வெள்ளை சாம்பலாகும். முழுக்கக் கருப்பாக இருந்தால் கூட்டிவிடும், கருப்பு வெளிறும். ஆகவே எக்ஸ்போஷர் எனப்படும் வெளிச்ச அளவை நீங்கள் எதிர்த்திசையில் திருத்த வேண்டும்: வெள்ளைப் பின்னணிக்கு +0.7 முதல் +1 வரை, கருப்புப் பின்னணிக்கு −0.7 முதல் −1 வரை. திரையில் பொருள்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டப்படும்; பிறகு சூரியன் அடையாளத்தை மேலேயோ கீழேயோ இழுங்கள். பூட்டாமல் இழுத்தால் பொருளை லேசாக நகர்த்தியதும் போன் மறுபடி கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

வெள்ளை வேண்டுமென்று +2 வரை போகாதீர்கள். வெள்ளைக் குரோஷே பொம்மையின் ஓரம் பின்னணியோடு கரைந்துவிடும், கரைந்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பின்னணி மிக இலேசான சாம்பலாக இருக்கும் இடத்தில் நிறுத்தி, மிச்சத்தை எடிட்டிங்கில் ஏற்றுங்கள்.

புரோ மோட் இருந்தால் இன்னும் நல்லது. ஐஎஸ்ஓ (ஒளிக்கு சென்சாரின் உணர்திறன்) 50 அல்லது 100, வைட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தம்) 5200 முதல் 5600 கெல்வினுக்குள் ஒரே எண், ஷட்டர் தேவைக்கேற்ப. ஷட்டர் 1/15 நொடிக்குப் போனாலும் கவலையில்லை, முக்காலியில் போனை மாட்டி 3 நொடி டைமர் வைத்தால் அசையாது. கையில் பிடித்து எடுத்துவிட்டுப் படம் கூர்மையாக இல்லை என்று போனைக் குறை சொல்வதுதான் வழக்கமாக நடக்கிறது.

நிறம்

ஒவ்வொரு முறையும் முதல் படத்தைப் பொருளோடு ஒரு சாம்பல் அட்டையை (வேறு நிறச் சாயல் கலக்காத கிரே கார்டு) வைத்து எடுங்கள். எடிட்டிங்கில் அந்த அட்டையை நிறமற்றதாக ஆக்கும் திருத்தம் எதுவோ அதையே மற்றப் படங்களுக்கும் போடலாம். அட்டைக்குப் பதில் பிரிண்டர் தாளை வைப்பவர்கள் உண்டு. அந்தத் தாளில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் சேர்த்திருப்பதால் ஜன்னல் வெளிச்சத்தில் அது சற்று நீலமாகவே இருக்கும். அதை வைத்துத் திருத்தினால் படம் மஞ்சளடிக்கும்.

சில நிறங்கள் தொல்லை கொடுக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற அலகுகளால்தான் படம் பதிகிறது. அடர்சிவப்புப் பட்டில் சிவப்பு அலகு உச்சத்தைத் தொட்டுவிட்டால் நெசவு மறைந்து வெறும் சிவப்புத் திட்டாக நிற்கும். −0.3 முதல் −0.7 குறைத்து எடுங்கள். ஊதாவும் மயில்நீலமும் நீலத்தின் பக்கம் சாயும். படம் முழுவதின் வைட் பேலன்ஸைப் போட்டு இழுக்காமல், லைட்ரூம் போன்ற ஆப்பில் ஊதா நிறத்தின் சாயலை மட்டும் தனியாகத் திருப்புங்கள். இந்தத் திருத்தத்தைப் பொருளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, படம் எடுத்த அதே ஜன்னலோரம் செய்ய வேண்டும். திரையின் கண்காப்பு மோட், சூழலுக்கேற்ப நிறம் மாற்றும் வசதி, ‘விவிட்’ அமைப்பு மூன்றும் அணைந்திருக்கட்டும். அப்படியும் பொருந்தாவிட்டால் விவரத்தில் ‘படத்தில் தெரிவதைவிடச் சிவப்பு கலந்த ஊதா’ என்று எழுதிவிடுங்கள். பொருள் திரும்பி வருவதற்கு அது மேல்.

பொருளுக்குப் பொருள்

வெள்ளி, கண்ணாடி, துணி மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

மெருகிட்ட வெள்ளி தன்னைச் சுற்றி இருப்பதைத்தான் காட்டும். அதில் கருப்பாகத் தெரிவது உங்கள் போனும் நீங்களும். இரு பக்கமும் வெள்ளைத் தாள் நிறுத்துங்கள். முன்பக்கம் ஒரு தாளில் லென்ஸ் அளவுக்குத் துளையிட்டு அதன் வழியே எடுங்கள். எல்லாப் பக்கமும் வெள்ளையானால் நகை பிளாஸ்டிக் போலாகிவிடும், எனவே ஒரு பக்கத்தில் 2 செ.மீ. அகலக் கருப்பு அட்டைப் பட்டை ஒன்றைச் செருகுங்கள். அது உலோகத்தில் ஒரு கருங்கோடாக விழுந்து விளிம்பை வரைந்து காட்டும். கல் வைத்த நகையில் இந்தக் கூடாரத்துக்குள் கல்லின் மினுக்கு செத்துவிடும். மினுக்குக்குச் சிறிய, கடினமான வெளிச்சம் வேண்டும். அதற்காகக் கொஞ்சம் நேர் வெயிலிலோ சிறு டார்ச்சிலோ தனிப்படம் ஒன்று எடுங்கள். தோட்டை நிமிர்த்தி வைக்க, பின்னால் தெரியாதபடி ஒட்டுக்களிமண் துளி போதும். கடைசியாகத் துடைத்தபின் விரல் படக் கூடாது.

கண்ணாடிக்கு முன்வெளிச்சம் உதவாது. பின்னால் வெளிச்சம் பட்ட வெள்ளைத் தாளை வைத்து, சட்டகத்துக்கு வெளியே இரு பக்கமும் கருப்பு அட்டை நிறுத்துங்கள். குவளையின் ஓரங்கள் கருங்கோட்டால் தெளிவாகும். ரெசின், வார்னிஷ் பூசிய மரம், மெருகு மண்பாண்டம் இவற்றில் ஜன்னலே வெள்ளைத் திட்டாக விழுந்தால் பொருளை 15 டிகிரி திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் விலகிவிடும். லென்ஸின் முன் வைத்துப் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிப்பானும் இவற்றுக்கு உதவும். வெறும் உலோகத்தின் பளபளப்பை அது குறைக்காது.

துணியில் வெளிச்சம் மிகச் சாய்வாக, கிட்டத்தட்ட பரப்பைத் தடவிப் போவதுபோல் வர வேண்டும். எம்பிராய்டரியின் ஒவ்வொரு தையலும் சின்ன நிழல் போட்டு எழுந்து நிற்கும். அதே சாய்வு ஒவ்வொரு சுருக்கத்தையும் காட்டிக்கொடுக்கும் என்பதால் இஸ்திரி போடாமல் தொடங்காதீர்கள். பைக்குள் வெள்ளை டிஷ்யூ தாளைக் கசக்கி முக்கால்வாசி நிரப்புங்கள். முழுக்கத் திணித்தால் தையல் இழுத்துக்கொண்டு நிற்கும். செய்தித்தாள் மை ஒட்டும். நெருக்கமான நெசவில் வானவில் அலைகள் தெரிந்தால் ஒரு கையளவு முன்பின் நகர்ந்தாலே போய்விடும்.

மெழுகுவர்த்தியும் சோப்பும் கொஞ்சம் ஒளி ஊடுருவும் பொருட்கள். வெளிச்சம் பின்பக்கவாட்டிலிருந்து வந்தால் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரியும். சுடர் எரியும் படத்தில் எக்ஸ்போஷரைச் சுடருக்கு ஏற்றபடி குறைத்துப் பூட்டி, மெழுகை ஜன்னல் வெளிச்சம் பார்த்துக்கொள்ளட்டும். ஏற்றாத நிலையிலும் ஒரு படம் கட்டாயம், வருகிற பொருள் அப்படித்தானே இருக்கும்.

எந்தெந்தப் படங்கள்

முதல் படம் விரல்நக அளவில் திரையில் ஓடும்போதே பொருள் இன்னதென்று தெரிய வேண்டும். எடுத்தவுடன் கேலரியின் சின்னச் சதுரங்களில் பாருங்கள். அங்கே அடையாளம் தெரியாவிட்டால் வேறு கோணம் வேண்டும். மற்றவை கையில் எடுத்துப் பார்ப்பவர் செய்வதைச் செய்யட்டும்: திருப்பிப் பின்புறம், கொக்கி அல்லது ஜிப், தையலின் அருகாமைக் காட்சி, உட்புறம். அளவுக்கு ஒரு கையோ காதோ தோளோ இருக்கும் படம் அவசியம். ‘6 செ.மீ.’ என்று எழுதினால் படிப்பவர் குறைவு. படித்தும் பெரிதாகக் கற்பனை செய்பவர்களே அதிகம். ஒவ்வொரு பொருளும் சற்று மாறுபடும் என்றால் நாலைந்தைச் சேர்த்து வைத்து ஒரு படம் எடுங்கள், வேறுபாடு எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடும்.

மேலிருந்து நேராக எடுக்கும்போது கட்டக்கோடுகளை இயக்குங்கள். போன் தரைக்கு இணையாக வரும்போது இரண்டு கூட்டல் குறிகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் வசதி பல போன்களில் உண்டு. பொருளைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விடுங்கள். சதுரம், நெடுக்கு என்று ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு விதமாக வெட்டும். அமேசானின் முதன்மைப் படத்தில் பின்னணி சுத்த வெள்ளை, அதாவது மூன்று நிற அலகும் உச்ச அளவான 255 ஆக இருக்க வேண்டும். பொருள் சட்டகத்தில் 85 சதவீதம் நிறைய வேண்டும். அலங்காரப் பொருள் கூடாது. கைவினைப் பொருட்கள் விற்கும் எட்ஸி தளம் அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை, குட்டைப் பக்கம் 2000 பிக்சல் இருக்கும்படி பரிந்துரைக்கிறது.

எடிட்டிங் இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் எடுத்த முறையில் தவறு இருக்கிறது. வெட்டி நேராக்குங்கள், பிறகு வைட் பேலன்ஸ், பிறகு பிரகாசம், கடைசியில் வெள்ளைப் பகுதிகளைக் கொஞ்சம் ஏற்றுதல். நிறச் செறிவைத் தொடாதீர்கள், ஃபில்டர் போடாதீர்கள். பின்னணியை நீக்கும் ஆப்பைப் பயன்படுத்தினால் அடிநிழலும் சேர்ந்து போய்ப் பொருள் அந்தரத்தில் மிதக்கும். நிழலை விட்டுவைக்கும் அமைப்பு இருந்தால் மட்டும் சரி. ஏற்றுமதி ஜேபெக் வடிவில், பெரும்பாலான திரைகளும் தளங்களும் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் இருக்கட்டும். படங்களை லேப்டாப்புக்கு மாற்ற வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

முக்காலியின் கால்கள், தாளின் ஓரம், பொருள் நின்ற இடம் மூன்றுக்கும் டேப் குறி போட்டு, நேரத்தையும் எக்ஸ்போஷர் எண்ணையும் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் புதிதாகச் செய்ததை எடுக்கும்போது கடைப் பக்கம் முழுதும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும். புது நூல்கட்டு வாங்கியதும் சாயம் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் மாறியிருந்தாலும் முதல் படத்தை மறுபடி எடுக்க வேண்டியதுதான். குறிகள் இருந்தால் அது பத்து நிமிட வேலை.